தொண்ணூத்திரெண்டு கிலோமீட்டர்

அந்தக் காரை வாங்கலாம்னு இருக்கீங்களா, தம்பி? தப்பா நினைச்சுக்காதீங்க. எட்டிப் பாக்கோணும்னு பாக்கல. பக்கத்துல உக்காந்திருக்கறனா, உங்க போன் கண்ணுல பட்டுருச்சு. அந்த வெள்ளைக் கலரு, கரண்டு வண்டி. அதே வண்டி, அதே கலரு, எங்கிட்ட ஒண்ணு நிக்குதுங்க. சிங்காநல்லூர்ல, எங்க அபார்ட்மெண்டுக்குக் கீழ, ரெண்டு பில்லருக்கு நடுவுல நிக்குது. நான் பாருங்க, கோபிக்கு பஸ்ஸுல போயிட்டிருக்கறேன்.

வாங்காதீங்கன்னு சொல்ல மாட்டேன். வண்டிய நான் ஒரு குத்தம் சொல்ல மாட்டனுங்க. சத்தமே வராது. புகையில்ல, கியரில்ல. சுச்சைப் போட்டா நம்ம பேரச் சொல்லாத குறைதான், அப்படி வரவேற்கும். வண்டி தங்கம். நான் சொல்ல வர்றது வேற.

என் பேரு சென்னியப்பன். மில்லுல எலக்ட்ரிகல் சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர்டு ஆனவன். முப்பத்தொரு வருசம். இருபதாயிரம் கதிர் ஓடற நூல் மில்லுக்கு ராப்பகலாக் கரண்டு குடுத்தவன் தம்பி நானு. அப்பேர்ப்பட்டவன் சொந்த வண்டிக்கு ஒரு பிளக் பாயிண்டு போட முடியாம எட்டு மாசம் அலைஞ்சேன்னா நம்புவீங்களா? எட்டு மாசமுங்க. மாசியில வாங்கினது, இப்ப ஐப்பசி.

வாங்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணும் யோசிக்காம இல்ல. ஒரு நோட்டுப் போட்டு கணக்கெல்லாம் எழுதினேன். பெட்ரோலு விக்கற வெலைக்கு இதுதான் லாபம்னு வந்துச்சு. ரிட்டயர்மெண்டுப் பணத்துல பாதி கட்டி, மிச்சத்துக்குத் தவணை. சொந்தக்காரங்க எல்லாம் இந்த வயசுல தவணையான்னு கேட்டாங்க. ஏனுங்க, வேற எந்த வயசுலீங்க நான் எனக்குன்னு ஒரு வண்டி வாங்கறது?

வீட்டுல ஏற்கெனவே ஒரு வண்டி இருந்துச்சு, இல்லைங்கல. பதிமூணு வருசத்துப் பெட்ரோல் வண்டி, சின்னது, அரக்குக் கலரு. அதை வளர்மதிதான் ஓட்டுவா. வளர்மதி எங்க வீட்டுக்காரி. எனக்கும் லைசென்ஸ் இருக்குதுங்க, ஓட்டத் தெரியும். ஆனா மில்லுக்கு கம்பெனி பஸ்ஸு வாசல்லயே வந்துரும், அப்பறம் நான் எதுக்கு ஓட்டறது? அவளுக்குத்தான் வேலை இருந்துச்சு. ஆரி வேலை தெரியுமுங்களா உங்களுக்கு? கல்யாணப் பொண்ணுக ஜாக்கெட்டுல ஜரிகையும் மணியும் கல்லும் வெச்சு ஊசியில போடறாங்களே, அது. கோயமுத்தூர்ல பெரிய கடைகள்ல ஆர்டர் எடுப்பா. துணியில டிசைன் வரைஞ்சு, சூலூர், பல்லடம் பக்கம் வீட்டுல இருந்து போட்டுக் குடுக்கற பொம்பளைங்க பதினாலு பேரு, அவங்களுக்குக் கொண்டுபோய்க் குடுப்பா. முடிஞ்சதும் வாங்கிட்டு வந்து கடையில சேர்ப்பா. துணிய இழுத்துக் கட்டறதுக்கு மரச்சட்டம் ஒண்ணு வேணுமுங்க, கட்டில் சட்டமாட்டம். அதையெல்லாம் அந்த அரக்கு வண்டியில பின்சீட்ட மடக்கிப் போட்டு அடுக்கிட்டுப் போவா.

நாப்பத்தாறு வயசுல டிரைவிங் ஸ்கூலுக்குப் போனா. நாங்கூடச் சிரிச்சேன், இந்த வயசுல உனக்கு என்னத்துக்குன்னு. ஒரே மாசம். திருச்சி ரோட்டுல டிப்பர் லாரிக்காரனே ஒதுங்கி வழி உடுவான், அப்படி ஓட்டுவா. அதுல எனக்குப் பெருமைதான்.

புது வண்டி வாங்கறப்ப ஷோரூம்காரப் பையன், பழசக் குடுத்தா எக்ஸ்சேஞ்சுல இன்னும் குறைச்சுத் தர்றேன்னான். எங்களுக்கோ நிறுத்தறதுக்கு இருக்கறது ஒரே எடம். ரெண்டு வண்டிய எங்க வெக்கறது? குடுத்தர்றேன்னு சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்து வளர்மதிகிட்ட சொன்னேன். சட்னி அரைச்சுட்டிருந்தா. மிக்சிய நிறுத்திட்டு, "சட்டத்தையெல்லாம் எதுலீங்க ஏத்திட்டுப் போறது?"ன்னு கேட்டா.

"இதுல பின்னாடி இன்னும் எடம் ஜாஸ்தி"ன்னேன்.

திரும்ப மிக்சியப் போட்டுட்டா. அப்ப வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன், தம்பி. சொல்லலயே.

வண்டிய எடுத்துட்டுப் போக ஆள் வந்த அன்னிக்கு, அவ போய் உள்ள உக்காந்தா. டேஷ்போர்டைத் திறந்து அளவு டேப்பு, நூல்கண்டு, கறுப்புக் கண்ணாடி, ஒரு குடை எல்லாம் எடுத்து மடியில வெச்சுக்கிட்டா. எடுத்தும் எறங்கல. கால்மணி நேரம் இருக்கும். இன்னும் என்னத்தைத் தேடறான்னு எனக்குப் புரியல. வந்தவன் வாட்சைப் பாத்துட்டு நிக்கறான். எனக்கே சங்கடமாப் போச்சு.

புது வண்டி வந்ததும் நான் ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டேன். வளரு, இத்தன வருசம் நீ ஓட்டி அலைஞ்சது போதும், இனி நான் ஓட்டறேன், நீ பக்கத்துல மகராணியாட்டம் உக்காந்து வா. எந்தப் புருசன் சொல்லுவான் சொல்லுங்க. அப்பறம் சட்டம். சட்டத்துல ஆணி இருக்குமுங்க, புது சீட்டு கிழிஞ்சுரும். கவர்கூட இன்னும் பிரிக்கல. சட்டம் வேண்டாம், துணிய மட்டும் பையில போட்டு எடுத்துக்கலாம்னேன். சட்டத்துக்கு ஒரு குட்டியானை வண்டி பிடிச்சு அனுப்பினா. அதுக்கு வாடகை தனி. சரி, அவ தொழில், அவ செலவு.

நாப்பது ஸ்பீடுக்கு மேல நான் ஓட்ட மாட்டேன். பேட்டரிக்கு அதான் நல்லது. "முன்னாடி போற பஸ்ஸைத் தாண்டுங்க"ம்பா. எதுக்குத் தாண்டோணும்? அப்பறம் அதையும் சொல்றதில்ல, ஜன்னலைப் பாத்துட்டு வருவா.

இதெல்லாம் சின்ன விசயம். கேளுங்க, பிரச்சினை அபார்ட்மெண்டுல. வண்டி வாங்குன மூணாம் நாளு சார்ஜர் மாட்டறதுக்கு ஆள் வந்தான். மீட்டர் போர்டு ஒரு மூலையில, என் எடம் இன்னொரு மூலையில. நடுவுல நாப்பது மீட்டரு. பொது எடத்துல கேபிள் வருது, சங்கத்துல அனுமதிக் கடுதாசி வாங்கிட்டுக் கூப்பிடுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டான். கடுதாசிதானே, ஒரு கையெழுத்துதானேன்னு நினைச்சேன்.

சங்கத் தலைவர் ஜெயப்பிரகாஷ். லிஃப்ட்டுல பாத்தா சிரிப்பார், நல்லா இருக்கீங்களாம்பார். போய்க் கேட்டா, "எனக்கு ஆட்சேபணை இல்லீங்க, கூட்டத்துல வெச்சர்லாம்"னார். கூட்டம் ஞாயித்துக்கிழமை. நான் படமே வரைஞ்சு எடுத்துட்டுப் போனேன். எங்கிருந்து கேபிள் வருது, எத்தனாம் நம்பர் கேபிளு, தனி எர்த்து, தனி பிரேக்கரு, எல்லாம். ஒருத்தர் படத்தை வாங்கிப் பாக்கலீங்க. ஒரு அம்மா போனை எடுத்து ஒரு வீடியோவக் காட்டுது. எந்த ஊரோ, ஒரு ஸ்கூட்டர் பத்தி எரியுது. அவ்வளவுதான், கூட்டம் முடிஞ்சுது.

"எங்க வீட்டுல குழந்தைங்க இருக்குது சார்."

"கீழதான் கேஸ் பைப்பு போகுது."

"இன்னிக்கு இவருக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க, டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா?"

நான் எந்திரிச்சு, "முப்பத்தொரு வருசம் இதே வேலைதானுங்க பாத்தேன்"னேன். ஜெயப்பிரகாஷ் சிரிச்சுட்டே, "அடுத்த பொதுக்குழுவுல பாத்துக்கலாம்"னார். அடுத்த பொதுக்குழுவுல ஆளு சேரல. அதுக்கடுத்ததுல தண்ணித் தொட்டிப் பிரச்சினையே ரெண்டு மணி நேரம் ஓடிப்போச்சு.

பொறுத்துப் பாத்தேன். எங்க வீடு ரெண்டாவது மாடி. நல்ல தடி கேபிளா வாங்கி, நானே பால்கனியில இருந்து கீழ எறக்கி சார்ஜ் போட்டேன். நாலு நாளு அருமையா ஏறுச்சு. அஞ்சாம் நாளு லிஃப்ட்டு நின்னு போச்சு. அதுக்கும் என் ஒயருக்கும் என்னங்க சம்பந்தம்? என் ஒயர் என் மீட்டர்ல இருந்து வருது. யாரு கேக்கறாங்க? வாட்ச்மேன் வந்து தலையைச் சொறிஞ்சுட்டு நிக்கறான், "சார், ஒயரை உருவச் சொல்லிட்டாங்க"ன்னு. நானே உருவினேன். சுருட்டி, கட்டிலுக்கு அடியில வெச்சேன்.

அப்பறம் மாலுக்குப் போகோணும். அங்க மூணு சார்ஜர். ஒண்ணு எப்பவும் ரிப்பேரு. இன்னொண்ணு முன்னாடி பெட்ரோல் கார்க்காரன் நிறுத்திட்டு சினிமாவுக்குப் போயிருப்பான். மூணாவதுக்கு வரிசை. நம்ம முறை வந்தா போன்ல ஆப்பு திறக்காது. திறந்தா ஓடிபி வராது. பேஸ்மெண்டுல டவர் இல்ல, ஓடிபிக்காக மேல ஓடி, வந்ததும் கீழ ஓடி, அதுக்குள்ள நேரம் முடிஞ்சு மறுபடியும் மொதல்ல இருந்து. வாரத்துல மூணு நாளு, மூணு மூணு மணி நேரம் அங்கதான் கெடந்தேன். வளர்மதி போன் பண்ணி, "எத்தன மணிக்கு வருவீங்க, கடையில இருந்து கூப்பிட்டுட்டே இருக்காங்க"ம்பா. நான் என்னத்தைச் சொல்றது? திரையில எத்தன பர்சென்ட்டுன்னு சொல்லுவேன். அதைத்தானே சொல்ல முடியும்.

ஆவணியில அடுத்தடுத்து முகூர்த்தம். ஒரு புதன்கிழமை பதினோரு ஜாக்கெட்டு வாங்கிட்டு வரோணும். சூலூர், பல்லடம், அங்கிருந்து காமநாயக்கன்பாளையம், திரும்பி வந்து ஆர்.எஸ்.புரத்துக் கடையில மூணு மணிக்குள்ள குடுக்கோணும். மூணு மணிக்குக் கல்யாணப் பொண்ணு போட்டுப் பாக்க வருது. முந்தின நாளு மாலுல மூணு சார்ஜருமே வேலை செய்யல. திரையில தொண்ணூத்திரெண்டு கிலோமீட்டர்னு காட்டுது.

"போயிட்டு வந்துருமுங்களா?"ன்னு கேட்டா.

"தொண்ணூத்திரெண்டு இருக்குது, நமக்கு எம்பத்தஞ்சுதானே"ன்னேன்.

"நான் வேண்ணா ஒரு டாக்சி சொல்லிக்கட்டுங்களா?"

அதைக் கேட்டதும் எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சுங்க. இத்தன பெரிய வண்டிய வாசல்ல வெச்சுக்கிட்டு டாக்சியான்னு ஒரு சத்தம் போட்டுட்டேன். சரின்னு ஏறினா.

அந்தத் தொண்ணூத்திரெண்டு இருக்குதே, அது நம்பற நம்பரில்ல தம்பி. ஏசி போட்டா ஒரு நம்பரு, எதுர்காத்து அடிச்சா ஒரு நம்பரு. பல்லடத்துலயே அம்பத்தெட்டு. ஏசிய நிறுத்தினேன். ஆவணி வெயிலு, மடியில பட்டுத்துணி, அவளுக்கு வேர்த்து ஊத்துது. ஜன்னலைத் திறந்தா. ஜன்னல் திறந்தா காத்து இழுக்கும், சாத்துன்னேன். சாத்திட்டா. போனு சார்ஜ்ல இருந்துச்சு, அதையும் புடுங்கச் சொன்னேன். புடுங்கிட்டா. காமநாயக்கன்பாளையம் போயிட்டுத் திரும்பி, சூலூர் கிட்ட வர்றப்ப திரையில பதினொண்ணு கிலோமீட்டர்தான். ஆர்.எஸ்.புரம் அங்கிருந்து இருபதுக்கு மேல இருக்குது.

பைபாஸ்ல ஒரு ஓட்டலு, அங்க சார்ஜர் இருக்குதுன்னு ஆப்புல காட்டுச்சு. உட்டேன் வண்டிய அங்க. மணி ரெண்டேகால். சார்ஜர் மேல ஒரு கோணிப்பையைப் போட்டு மூடி வெச்சிருக்காங்க. ஓட்டல்காரரைக் கேட்டா, "அது போயி ஒரு மாசமாச்சுங்க, கம்பெனியில இருந்து ஆளே வர மாட்டேங்கறாங்க"ங்கறார்.

நான் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுட்டிருக்கறேன். ஒண்ணை அழுத்து, ரெண்டை அழுத்துங்கறான். வளர்மதி எறங்கி, பதினோரு ஜாக்கெட்டையும் ரெண்டு பையில போட்டு எடுத்துட்டு ரோட்டோரம் போயி நின்னுட்டா.

"எங்க போறே?"

"பஸ்ஸு வருமுங்க."

"ஒரு பத்து நிமிசம் இரு, பேசிட்டிருக்கறேனல்ல."

"நீங்க வண்டியப் பாத்துக்குங்க"ன்னா.

கோவமாச் சொல்லல. அதான் தம்பி எனக்கு இன்னும் ஆற மாட்டேங்குது. மெதுவாத்தான் சொன்னா. ஒரு பஸ்ஸு கை காட்டினதும் நின்னுச்சு, ஏறிப் போயிட்டா. கட்டின புருசனை நடுரோட்டுல உட்டுட்டு. வண்டிய இழுத்துட்டுப் போக கம்பெனியில இருந்து இழுவை வண்டி வர்றதுக்கு சாயங்காலம் ஆறு ஆயிருச்சு. அதுவரைக்கும் நான் ஒத்தையா, அந்த வெயில்ல. ஒரு டீ குடிக்கப் போகோணும்னாலும் வண்டிய உட்டுட்டுப் போக மனசில்ல.

அவ கடைக்குப் போறப்ப நாலு தாண்டிருச்சாம். அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க சத்தம் போட்டுட்டு வேற ஜாக்கெட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்களாம். கடைக்கார அம்மா ஒண்ணும் திட்டல. ஆனா அடுத்த வாரத்துல இருந்து ஆர்டரை வேற ஆளுக்கு மாத்திருச்சு. பதினஞ்சு வருசப் பழக்கமுங்க. ஒரு நாளு, ஒரு மணி நேரம், அதுக்கே இப்படியா? இந்தக் காலத்துல யாருக்குங்க பொறுமை இருக்குது.

இதுக்கெல்லாம் காரணம் யாரு? அந்தச் சங்கம். அன்னிக்கே ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா, வண்டி தினமும் ஃபுல்லா நின்னிருக்கும், வளர்மதிக்கு அந்தக் கடை போயிருக்காது. நான் இதை ஜெயப்பிரகாஷ்கிட்டயே எழுதிக் குடுத்தேன், மூணு பக்கம்.

வித்தர்லாம்னும் பாத்தேன். பழைய வண்டி வாங்கறவன் வந்து சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "பேட்டரி எத்தன நாளைக்கு வரும்னு தெரியாதுங்களே"ன்னு ஒரு வெலை சொன்னான். அதை வாங்கித் தவணையக்கூட அடைக்க முடியாது. ஓட்டவும் முடியல, விக்கவும் முடியல. தினம் காலையில எறங்கிப் போயி ஒரு துணியால தொடைச்சுட்டு வருவேன். வேற என்ன பண்ணட்டும்?

வளர்மதி கோபிக்குப் போனது அதுக்கடுத்த வாரம். அவ தங்கச்சி தமயந்தி அங்கதான் இருக்குது. பத்து நாளு இருந்துட்டு வர்றேன்னுதான் சொன்னா. அங்க தங்கச்சி வீட்டு மாடியில ஒரு ஹால் சும்மா கெடந்துச்சாம், ஆறு சட்டம் போட்டு பொம்பளைங்களை அங்கயே வரவெச்சு வேலை நடக்குதாம். ஆர்டரெல்லாம் கூரியர்லயே வருதாம், போயிட்டுப் போயிட்டு வரவேண்டியதில்லையாம். பத்து நாளு இருபதாச்சு, ரெண்டு மாசமாச்சு. தினமும் மத்தியானம் போன் பண்ணுவா, பிரசர் மாத்திரை போட்டாச்சுங்களான்னு கேப்பா. போட்டாச்சும்பேன். சாப்பிட்டாச்சுங்களா? ஆச்சு. அவ்வளவுதான், வெச்சுருவா. அக்கறையில ஒரு குறை சொல்ல முடியாதுங்க.

இப்பத்தான் நல்ல சேதி. போன மாசம் ஜெயப்பிரகாஷே ஒரு கரண்டு வண்டி வாங்கிட்டார். பெருசு, கறுப்புக் கலரு. பத்தே நாள்ல கூட்டம் போட்டு, பத்தே நிமிசத்துல தீர்மானம் போட்டு, எல்லாருக்கும் அனுமதின்னு ஆயிருச்சு. அந்த வீடியோ காட்டின அம்மாவும் கை தூக்குச்சு. என் படத்தை வாங்கி வெச்சுட்டுத்தான் அவருக்கே கேபிள் போட்டாங்க. மனுசன் நல்லவர்தான், நான்தான் தப்பா நினைச்சுட்டேன். எனக்கும் கடுதாசி வந்துருச்சு, பாருங்க, இதோ சட்டைப் பையில. சீலு, கையெழுத்து எல்லாம் இருக்குது. சார்ஜர்க்காரன் தீபாவளி முடிஞ்சு வர்றேன்னிருக்கறான்.

போன்ல வளர்மதிகிட்ட சொன்னேன், "அனுமதி வந்துருச்சு வளரு, இனி ஒரு பிரச்சினையும் இல்ல."

"நல்லதுங்க"ன்னா. அப்பறம், "இங்க வர்றப்ப சில சாமான் எடுத்துட்டு வரோணும், எழுதிக்கறீங்களா?"ன்னா.

நேர்ல போயே காட்டிக் கூட்டிட்டு வந்தர்லாம்னுதான் கெளம்பினேன். வண்டியில அவ்வளவு தூரம் ஒத்தையா ஓட்டிப் பழக்கமில்ல, சார்ஜும் ஒம்பது பர்சென்ட்டுதான் நிக்குது. பஸ் ஸ்டாண்டுக்கு வரட்டுமான்னு அவ கேக்கல. வேலை இருக்குதாம், ஆட்டோவுல வந்துருங்கன்னுட்டா.

நம்பியூர் தாண்டிருச்சுங்களா? அப்ப இன்னும் சித்த நேரந்தான்.

அவ எழுதச் சொன்ன சாமானா? தையல் மிஷினு மோட்டாரு. சரி, வேலை நடக்குது, வேணும். பேங்கு பாஸ்புக்கு, அவ பேருல இருக்கறது. சரி. நல்ல சேலை நாலு. பீரோவுல மேல்தட்டுல இருக்கற அவங்கம்மா போட்டோ. அப்பறம் ஸ்வெட்டரு. அங்கதான் தம்பி எனக்குப் புரியல. இப்ப ஐப்பசி. குளுரு மார்கழியிலதான் வரும். அதுக்குள்ளதான் சார்ஜர் மாட்டிருவாங்களே, அவ சிங்காநல்லூருக்கே வந்துருவாளே. "ஸ்வெட்டரு இப்ப எதுக்கு?"ன்னு கேட்டேன். "எடுத்துட்டு வாங்க"ன்னா. மழைக் குளுருக்குக் கேட்டிருப்பா. மழைக் குளுரு இருக்குமல்ல அங்க, வாய்க்கால் பக்கம் வீடு. நீங்க அந்தப் பக்கத்து ஆளுதானே, ஐப்பசியில ஸ்வெட்டரு போடுவாங்களா?

என்னுங்க, நீங்களும் ஜன்னலைப் பாக்கறீங்க.

சரிங்க, ஊரு வந்துருச்சு. நீங்க வண்டி வாங்குங்க தம்பி, தாராளமா வாங்குங்க. மேல இருக்கற அந்தப் பையைச் சித்த எடுத்துக் குடுக்கறீங்களா? பாத்து, கனமா இருக்கும்.